மோரும் உறையும்: புளித்த மாவு குறித்துச் சில குறிப்புகள்

1

'குடகனாறு என்னாச்சுன்னு எழுதாம மாவப் பெசஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே' என்று தோழர் ஒருவர் கேட்டார். தோல் ஷாப்புக் கழிவையும் குடிதண்ணீரையும் பற்றிப் பேச வேண்டிய திண்டுக்கல்லில், வீட்டில் ரொட்டி சுடுவதைப் பற்றிப் பேசுவது மேட்டிமைத்தனம் என்பது அவர் கட்சி. கேள்வி நியாயமானதுதான். அதற்கு நேரடியாக பதில் சொல்ல முடியாததால் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உலகின் பல நாடுகளில் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோனது. மாவையும் தண்ணீரையும் கலந்து, தானாகப் புளிக்கவிட்டு, அதைக்கொண்டே ரொட்டியை உப்பவைக்கும் பழைய முறைக்கு நிறையப் பேர் திரும்பினார்கள். 'சவர்டோ' என்ற பெயர் நம்மூர் நடுத்தர வர்க்கத்துக்கும் வந்து சேர்ந்தது. வேலை ஓய்வும் வீட்டடைப்பும் சேர்ந்த நேரத்தில் அது என்னையும் தொற்றிக்கொண்டது. ரேஷன் கோதுமையை மில்லில் கொடுத்து அரைத்து, ஒரு ஊறுகாய் பாட்டிலில் சம அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து வைத்தேன். தினமும் பாதியை எடுத்துவிட்டு மீதிக்குப் புது மாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். குளிர்நாடுகளில் ஒரு வாரம், பத்து நாள் என்கிறார்கள். சித்திரை வெயிலில் மூன்றாம் நாளே பொங்கி மூடியைத் தள்ளியது. குளிர்நாட்டுக் கணக்கு எதுவும் இங்கே செல்லாது. ஒரு வேளை தீனி தவறினால் நெடி மூக்கைத் துளைக்கும். ரொட்டி வாயில் வைக்க முடியாத புளிப்பு.

மூன்று மாதத்தில் நான் 'கலைஞன்' ஆகிவிட்டேன். வந்தவர்களிடமெல்லாம் பாட்டிலைத் திறந்து காட்டினேன். அம்மா ஒருநாள் சொன்னார்: 'நானும் அம்பது வருசமா மாவு பொளிக்க வெக்கிறேன். ஒரு பய வந்து பானையத் தொறந்து பாத்ததில்ல.' பெண்கள் அன்றாடம் செய்யும்போது வேலை, ஆண் ஓய்வு நேரத்தில் செய்யும்போது கலை. இது எல்லோருக்கும் தெரிந்த விமர்சனம். எனக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் பாட்டிலைக் காட்டுவதை நான் நிறுத்தவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2

லெவிஸ்ட்ராஸ் 1965ல் 'சமையல் முக்கோணம்' என்ற கட்டுரையை எழுதினார். பச்சை, சமைத்தது, அழுகியது என மூன்று முனைகள். பச்சையைப் பண்பாடு மாற்றினால் சமைத்தது. இயற்கை மாற்றினால் அழுகியது. இந்த வரைபடத்தில் புளித்த பண்டத்தைத் தேடினால் அது அழுகியதன் பக்கம்தான் போய்ச் சேர்கிறது. அமைப்பியலை விசுவாசத்தோடு படித்த காலத்தில் நானும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டவன்.

நம் அடுக்களை மொழியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பார் ஊசும். பழம் அழுகும். பால் திரியும், உறையும். ஊறுகாய் பூக்கும். மாவு பொங்கும், புளிக்கும். சோறு பழையதாகும். இவற்றில் எதை எதன் இடத்தில் சொன்னாலும் கேட்பவர் சிரிப்பார். 'தோசை மாவு ஊசிப்போச்சு' என்றால் கொட்ட வேண்டியது என்று அர்த்தம். 'புளிச்சுப்போச்சு' என்றால் இன்றைக்கு ஊத்தப்பம் என்று அர்த்தம். இயற்கையா பண்பாடா என்ற இருமை எதிர்வுக்குள் புளிப்பு அடங்குவதில்லை. உயிரிகளின் வேலை அது. அந்த உயிரிகளுக்கு நேரம் குறிப்பதும், உப்புப் போடுவதும், போதும் என்று நிறுத்துவதும் பெண்களின் வேலை.

ஆனால் மொழி இவ்வளவு நுட்பமாகப் பிரித்துவைத்ததை நம் சட்டங்கள் அப்படியே ஏற்கவில்லை. மனுவின் 5ஆம் அத்தியாயம் புளித்துப்போனவற்றை எல்லாம் விலக்குகிறது. உடனே அடுத்த மூச்சில் ஒரு விதிவிலக்கு: தயிரும் தயிரில் செய்தவையும் உண்ணத்தக்கவை. முதல் நாள் உணவுக்கும் தடை உண்டு. நெய், எண்ணெய் சேர்த்ததாக இருந்தால் அதற்கும் விலக்கு. கீதையின் 17ஆம் அத்தியாயம் இரவு தாண்டிய உணவைத் தாமச குணத்தாருக்கு ஒதுக்குகிறது.

மாடும் நெய்யும் உள்ளவன் வீட்டுப் புளிப்பு சுத்தம். அது இல்லாதவன் வீட்டுக் கம்பங்கூழும் நீராகாரமும் தாமசம். புளிப்பின் அளவை வைத்துச் செய்த பிரிவினை அல்ல இது. எந்தச் சொத்திலிருந்து புளிப்பு வந்தது என்பதை வைத்துச் செய்த பிரிவினை. வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் விதைத்தவர்கள் இரவில் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் காய்ச்சி, அதற்கும் மறுநாள் மோரோ வெங்காயமோ வைத்துக் குடித்தது இரட்டைப் புளிப்பு. அதற்கு விதிவிலக்கு எழுத யாரும் இல்லை. இன்றைக்கு அதே கூழைத் தள்ளுவண்டியில் 'உடம்புக்குக் குளிர்ச்சி' என்று விற்கிறார்கள், கார்களை நிறுத்திக் குடிக்கிறார்கள். குடித்தவர்களின் சாதி மாறியதும் கூழின் குணம் மாறிவிட்டது.

3

ரொட்டி நம் சமவெளிக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். இதே மாவட்டத்தில் மலைமேல் 1845லேயே அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். கீழே நம்மூரில் ரொட்டி என்பது காய்ச்சல்காரன் சாப்பாடு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் பாலில் நனைத்துத் தின்பது. 'என்னப்பா, ரொட்டி சாப்பிடுற, ஒடம்பு சரியில்லையா?' என்பது இன்றும் கேட்கும் கேள்வி.

மறுபடியும் 1965க்கு வருகிறேன். அந்த ஆண்டில்தான் மைய அரசு 'மாடர்ன் பேக்கரீஸ்' என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தின்கீழ் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலம். 1965-66 வறட்சியில் இறக்குமதித் தானியம் ஒரு கோடி டன்னை எட்டியது. அரிசி தின்கிற ஜனங்களுக்குக் கோதுமையைப் பழக்க வேண்டியிருந்தது. மெழுகுத் தாளில் சுற்றிய வெள்ளை ரொட்டி அதற்கு ஒரு வழி. தமிழ்நாட்டில் அதற்கு எதிர்வினை 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற முழக்கமாக 1967 தேர்தலில் வெளிப்பட்டது. மாடர்ன் நிறுவனமோ 2000ல் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. மைய அரசு தன் பொதுத்துறை நிறுவனத்தைத் தனியார் கைக்கு மாற்றியதில் அதுவே முதல் பெரிய நிகழ்வு.

அந்த 1965லேயே ஒரு அமெரிக்க நுண்ணுயிரியல் இதழில் இட்லி மாவைப் பற்றிய ஆய்வு வெளியானது. மாவைப் பொங்கவைப்பது முதன்மையாக ஈஸ்ட் அல்ல, 'லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ்' என்ற பாக்டீரியா என்று அது காட்டியது. உளுந்தோடும் அரிசியோடும் அது கூடவே வந்துவிடுகிறது. அதனால் இட்லிக்குப் பழைய மாவு சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. கோதுமையில் உள்ள பசையும் தேவையில்லை, உளுந்தின் கொழகொழப்பே காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆக, ஒருவர் நம்முடைய புளிப்பை அழுகல் பக்கம் தள்ளுகிறார். ஒரு அரசு கப்பல் கோதுமையை வெள்ளை ரொட்டியாக்குகிறது. ஒரு ஆய்வகம் நம் அம்மாக்களின் பானைக்குள் இருந்ததற்கு லத்தீனில் பெயர் சொல்கிறது. எல்லாம் ஒரே வருஷம். 1971ல் சான் பிரான்சிஸ்கோ ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர்கள் அந்த நகரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு பார்த்தால் அது பல நாட்டுப் புளித்த மாவிலும் இருக்கிறது. பெயர் வைப்பதும் ஒருவகைப் பட்டா எழுதுவதுதான்.

4

தமிழ்நாட்டில் ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் இயல்பாகக் கிடைத்திருக்கக்கூடிய ஈஸ்ட் ஒன்று இருந்தது: கள். கோவாவில் போர்த்துகீசியர் கொண்டுவந்த ரொட்டி உள்ளூரில் வேர் பிடித்தது தென்னங்கள்ளால்தான். 'பாவ்' என்ற சொல் வந்த அதே போர்த்துகீசியத்திலிருந்துதான் ஈழத்தமிழரின் 'பாண்' வந்தது. ஆப்பத்துக்குக் கள் ஊற்றிய வீடுகள் நம் பக்கமும் உண்டு.

1937 அக்டோபர் 1ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இடையில் தளர்ந்து, இறுகி, மறுபடி தளர்ந்து, 1987 ஜனவரி 1 முதல் சாராயத்தோடு கள்ளும் தடை. 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் சீமைச் சரக்கைச் சில்லறையில் விற்கிறது. கள் இன்றும் குற்றம். பனையேறியின் கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் உள்ளே இருப்பது பதநீர், தடவாவிட்டால் கள். ஒன்று சட்டபூர்வம், மற்றது வழக்கு. புளிப்பைத் தடுப்பதற்காக ஒரு அரசு கலயத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறது. அதிகாரம் எவ்வளவு நுண்ணிய இடம்வரை செல்லும் என்று மேலைச் சிந்தனையாளர்களைப் படித்துத் தெரிந்துகொண்ட நாம், இந்தக் கலயத்தைப் பற்றி எழுதியது குறைவு.

ரொட்டியும் தீட்டும் சேர்ந்த கதை ஒன்று மும்பைக்கு வடக்கே வசைப் பக்கம் சொல்லப்படுகிறது. கிணற்றில் ரொட்டியைப் போட்டுவிட்டார்கள், தெரியாமல் தண்ணீர் குடித்த ஊரெல்லாம் சாதி கெட்டது, பிறகு கிறிஸ்தவர்கள் ஆனார்கள் என்று. நடந்ததோ இல்லையோ, கதை எதை நம்பி நிற்கிறது என்பதே நமக்கு முக்கியம். ஒரு துண்டு ரொட்டி ஒரு கிணற்றையே மாற்றிவிடும். அதுவும் உறையின் தர்க்கம்தான். சிறிது போதும், முழுதும் மாறும். மத்தேயு நற்செய்தியில் பெண்ணொருத்தி மூன்று படி மாவில் புளித்தமாவை அடக்கிவைக்கும் உவமை நல்ல அர்த்தத்தில் சொல்வதையே, இந்தக் கதை பயத்தின் அர்த்தத்தில் சொல்கிறது. பவுல் பழைய புளித்தமாவைக் களையச் சொல்கிறார். கிழக்குத் திருச்சபையும் ரோமும் 1054ல் பிரிந்தபோது நற்கருணை அப்பம் புளித்ததா புளிக்காததா என்பதும் ஒரு சண்டை. ஆக, புளிப்பைக் கண்டு பயப்படுவது மனுவுக்கு மட்டும் உரியதல்ல. கலப்பைக் கண்டு பயப்படும் எல்லா ஒழுங்குகளுக்கும் உரியது.

5

'ஸ்டார்ட்டர்' என்பதற்குத் தமிழில் புதுச் சொல் தேடுகிறார்கள். தேட வேண்டியதில்லை. 'உறை' இருக்கிறது. சில வீடுகளில் பிரை, சில வீடுகளில் புரை. உறை ஊத்தியாச்சா, உறை இருக்கா, ஒரு கரண்டி உறை குடுங்க.

எங்கள் வீட்டு உறையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் பிராமணர் அல்ல. நிலமும் மாடும் இருந்த இடைநிலைச் சாதி. மனுவை மேடையில் கொளுத்தும்போது கைதட்டியவர்கள். அப்பத்தா தாராள மனசுக்காரி என்று ஊரில் பெயர். வெயில் காலத்தில் காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குக் குடம் குடமாக மோர் கரைத்துவைப்பார். கை உயர்த்தி ஊற்றுவார். அவர்கள் கையைக் குவித்துக் குடிப்பார்கள். ஊற்றும் உயரம் எதற்கு என்பது சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகும் அதைத் தாராளத்தின் பகுதியாகவே நினைவில் வைத்திருந்தேன்.

ஒரு வருஷம் காலனியிலிருந்து ஒரு அம்மா ஒரு பசுவை வாரத்துக்குப் பிடித்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் சின்ன ஈயக் கிண்ணத்தோடு வந்து தள்ளி நின்று கேட்டார்: 'தாயி, ஒரு சொட்டு உறை ஊத்துங்க.' மணி நாலு இருக்கும், வெயில் முற்றத்தில் கிடந்தது. அப்பத்தா சொன்னார்: 'வெளக்கு வெக்கிற நேரத்துல உறை குடுக்கக் கூடாதும்மா.' மோர் வேண்டுமானால் குடிச்சிட்டுப் போ என்றார். அந்த அம்மா குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் காட்சியை இப்போது வாசித்துப் பார்க்கிறேன். மோருக்கும் உறைக்கும் பொருளில் வித்தியாசமில்லை. இரண்டும் ஒரே பானையிலிருந்து வருபவை. கொடுக்கும் முறையில்தான் வித்தியாசம். மோர் குடித்ததும் தீர்ந்தது. நாளைக்கு மறுபடி வர வேண்டும், மறுபடி கை குவிக்க வேண்டும். உறை ஒருமுறை போனால் போதும், பிறகு அவர் வரவேண்டியதில்லை. அடுத்த வீட்டுக்கு அவரே கொடுப்பார். மோர் தானம், உறை உற்பத்திச் சாதனம். தானத்தில் தாராளமாக இருப்பது எங்கள் சாதிகளுக்கு எளிது. இலவசக் கல்வி, அன்னதானம், சமபந்தி வரை வருவார்கள். நிலத்தையும் உறையையும் கேட்டால் விளக்கு வைக்கும் நேரமாகிவிடும்.

பற்றாக்குறை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. புளித்த மாவை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்: தினமும் பாதியை வெளியே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது வீட்டையே நிரப்பும். தேவைக்கு மேல் பெருகுவது உறையின் இயல்பு. ஒன்று கொடுக்க வேண்டும், அல்லது கொட்ட வேண்டும். கொட்டினாலும் கொட்டுவோம், கொடுக்க மாட்டோம் என்பதற்குப் பொருளாதாரக் காரணம் ஏதுமில்லை. சாதி மட்டுமே காரணம்.

இன்னொன்று, கை. மாவைக் கரண்டியால் கலக்கக்கூடாது, கையால் கரைத்தால்தான் பொங்கும் என்பார் அம்மா. 2020ல் வெளியான ஒரு ஆய்வில் வெவ்வேறு இடங்களில் உள்ள ரொட்டிக்காரர்களுக்கு ஒரே மாவைக் கொடுத்துப் புளிக்கவைக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவர் மாவும் ஒவ்வொரு மாதிரி ஆனது. மாவில் இருந்த உயிரிகள் அவர்களுடைய கைகளிலும் இருந்தன. கைக்கும் மாவுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு என்று தெரிகிறது. தீட்டு என்பது தொடுதலின் மேல் போட்ட தடை. புளிப்போ தொடுதல் கலந்த பண்டம். உறை வாங்குகிறவர் கொடுத்தவரின் கையையும் சேர்த்தே வாங்குகிறார். அதனால்தான் உறை மேலிருந்து கீழே வருவதே இவ்வளவு கடினம். கீழிருந்து மேலே போவது கற்பனைக்கே எட்டாததாக இருந்தது.

6

எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மா பேகம்பூர் தாண்டி ஒரு தெருவிலிருந்து வருகிறார். தினமும் நான் பாதி மாவைத் தொட்டியில் கொட்டிக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள், 'சார், அதக் கொட்டாதீங்க, எனக்குக் கொஞ்சம் குடுங்க, ஆப்ப மாவுல ஊத்திப் பாக்குறேன்' என்றார். கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினேன். இவ்வளவு எழுதத் தெரிந்தவனுக்கு அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? 'அவங்களுக்கு இதை வச்சுக் காப்பாத்தத் தெரியுமா' என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடியது. அப்பத்தா விளக்கைச் சொன்னார். நான் தொழில்நுட்பத்தைச் சொல்லப் பார்த்தேன்.

அடுத்த கோடையில் ஒரு வாரம் சென்னை போய்வந்தேன். பாட்டிலில் கருப்பும் ரோஸுமாகப் பூசணம். கொட்ட வேண்டியதாயிற்று. அவர் சொன்னார்: 'எங்க வீட்டுல இருக்கே சார்.' நானே போய் வாங்கி வந்தேன். ஒரு சில்வர் தூக்கில் பொங்கிக்கொண்டிருந்தது. நிறம் மாறியிருந்தது. கோதுமைக்கு எங்கே போறது, கேப்பை மாவுதான் போட்டு வச்சிருக்கேன் என்றார். பக்கத்து வீடு நாலுக்குக் கொடுத்திருந்தார். 'காப்பாத்தத் தெரியுமா' என்ற என் வாக்கியத்துக்கு அந்தத் தூக்குவாளியைவிட வேறு பதில் தேவையில்லை.

இதை ஒரு சாதியொழிப்புச் சாகசமாக யாரும் வாசிக்கக்கூடாது. அவர் இன்னமும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறார், நான் சம்பளம் கொடுக்கிறேன், அவர் என்னை சார் என்கிறார். ஒரு கரண்டி மாவு அதை மாற்றவில்லை. மாறாததையும் பதிவு செய்யவே எழுதுகிறேன்.

அந்த உறையில் சுட்ட ரொட்டி நன்றாக வந்தது. மேல்தோல் மொறுமொறுப்பாக, உள்ளே கேப்பையின் லேசான மண்வாசனை. அம்மாவுக்கு ஒரு துண்டு வெட்டி, நெய் தடவி, தட்டில் வைத்தேன். உறை எங்கிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். தட்டைச் சிறிது தள்ளிவைத்தார்.

'எனக்குப் புளிப்பு ஒத்துக்கலப்பா' என்றார்.

மூணு நாள் மாவில் தோசை ஊற்றி, அதற்கும் புளிச்ச மோர்க்குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறவர் அவர். நான் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று இந்தக் குறிப்புகளை எழுதி முடிக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுப்பதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். நான் தயங்கிய அந்த ஒரு கணத்தையும் சேர்த்தே காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

குடகனாற்றைப் பற்றிக் கேட்ட தோழருக்கு: அதையும் எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நம் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் ஒன்றை விசாரித்து வரலாம். உங்கள் வீட்டு உறை எந்தெந்த வீடுகளுக்குப் போயிருக்கிறது? எந்தெந்த வீடுகளிலிருந்து வந்திருக்கிறது? இரண்டாவது பட்டியலை எழுதி எடுத்து வாருங்கள். அங்கிருந்து பேசுவோம்.